தூரமும் சாக்கும்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்துக்கும் லண்டனுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக 14,498 கிலோமீட்டர். 2018 மார்ச் மாதத்தில், நடுவில் எங்கும் இறங்காமல், சுமார் 17 மணி நேரத்தில் ஒரு விமானம் இந்தத் தூரத்தைக் கடந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஏனோ சங்கடமாகவும் இருந்தது.

யுத்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமான வழி அறுந்தது. மறு வருஷம் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பெர்த்திலிருந்து ஒரே மூச்சில் இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டி, இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியில் வந்து இறங்க வேண்டும். அந்தக் கடல் விமானத்தில் மூன்று பிரயாணிகளுக்குத்தான் இடம். மற்ற இடமெல்லாம் பெட்ரோலுக்கும், கொஞ்சம் தபாலுக்கும். எதிரி அறிந்துவிடுவான் என்று ரேடியோவில் பேசுவதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டார்கள். 27 மணி முதல் 33 மணி வரை பிடிக்கும். வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்றே அந்தப் பயணத்துக்குப் பெயர் வந்தது.

அந்தத் தபால் பையில் இருந்த ஒரு கடிதம் ஒரு மாதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், பெற்றவள் கோபித்துக்கொண்டிருப்பாளா? மாட்டாள். சமுத்திரம் குறுக்கே கிடந்தது. தூரம் அந்தக் காலத்து மனிதனுக்குக் கஷ்டத்தைக் கொடுத்தது. கூடவே மன்னிப்பையும் கொடுத்தது. நாம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். அந்த மன்னிப்பும் கூடவே குறைந்துவிட்டதை நாம் கவனிக்கவில்லை.

'மணிக் கணக்குப் போட்டால் போதுமா? டிக்கெட்டுக்குப் பணம் வேண்டாமா, லீவு வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கையில் காசில்லாதவனுக்கு லண்டன் இன்றும் 1943-இல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அவனை நான் குற்றம் சொல்லவில்லை. நான் சொல்வது, காசும் இருந்து, வழியும் இருந்து, போகாமல் இருப்பவனை.

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். என் அக்கா திருநெல்வேலியில் இருக்கிறாள். சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் அங்கே இறங்கிவிடலாம். வழியில் ஒரு சூரியோதயம் போதும். நான் அவளைப் போய்ப் பார்த்து மூன்று வருஷமாகிறது. போன வாரம் டெலிபோனில் பேசினேன். "வருகிறேன், அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"அவ்வளவு தூரம் நீ எப்படிடா வருவே? உனக்கு ஆயிரம் வேலை" என்றாள்.

எனக்காக அவளே சாக்குச் சொல்லிவிட்டாள். நான் மறுத்துப் பேசவில்லை.