யாருடைய அமைதி?

தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்து மலைகளுக்கிடையே ஹக்கா மக்களின் மண்கோட்டை வீடுகள் உள்ளன. ‘தூலோ’ என்பது அவற்றின் பெயர். யோங்டிங் பகுதியில் 1709இல் கட்டி முடிக்கப்பட்ட செங்சி லோ அவற்றுள் புகழ்பெற்றது. ஒன்றனுள் ஒன்றாக நான்கு வட்டங்கள். ஏறத்தாழ 400 அறைகள். நடுவில் முன்னோரை வணங்கும் கூடம். அதன் முற்றத்தில் நாம் நின்றபோது மூதாட்டி ஒருவர் கீரையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். வேறு சந்தடி இல்லை. “எத்துணை அமைதி!” என்றோம்.

சொன்ன பிறகே அச்சொல் நெஞ்சை உறுத்திற்று. அவ்வீடு அமைதிக்காகக் கட்டப்பட்டதன்று. கொள்ளையருக்கும் பகைவருக்கும் அஞ்சியவர்கள், சில வாயில்களே வைத்து, கீழ்த்தளங்களில் வெளிச் சன்னல் இன்றி எழுப்பிய மண்சுவர் அது. ஒரே குலத்தார் 600க்கும் மேற்பட்டோர் ஒரு காலத்தில் அதனுள் வாழ்ந்தனர். கீழே அடுக்களை, அதன்மேல் தானியக் களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கையறைகள். அறைகள் யாவும் ஏறக்குறைய ஒரே அளவின. கிணறும் முற்றமும் எல்லார்க்கும் பொது. அங்கே குழந்தையின் அழுகையும், அண்டை வீட்டுப் பூசலும், அடுப்புப் புகையும் ஓயாது இருந்திருக்குமன்றோ?

2008இல் யுனெஸ்கோ இத்தகைய 46 கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. சுவர்கள் காக்கப்படுகின்றன. ஆனால் இளையோர் பலர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். முதியோரே பெரிதும் எஞ்சியுள்ளனர். நாம் புகழ்ந்த அமைதி, அவர்கள் விட்டுச்சென்ற வெறுமையே.

சென்றவர்களைக் குறைகூற நமக்கு உரிமை உண்டா? நாமும் தனியறை தேடிய தலைமுறையே. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் சன்னலைச் சாத்துகிறோம். பின்னர் நெடுந்தொலைவு பயணம் செய்து, கூடிவாழ்ந்தோரின் முற்றத்தைக் கண்டு உருகுகிறோம். தொல்லைகள் நீங்கிய பின் கூட்டு வாழ்வைப் போற்றுதல் எளிது. அத்தொல்லைகளைத் தாங்குவதே அன்பின் விலை.

‘ஹக்கா’ என்னும் சொல்லுக்கு ‘விருந்தினக் குடியினர்’ என்பது பொருள். வடக்கிலிருந்து பல நூற்றாண்டுகளாகப் பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். அன்று அந்த விருந்தினர்க்கு நாம் விருந்தினர். எனினும் சுவரைப் படம் பிடித்த நாம், வீட்டுக்குரியவரை வணங்கவில்லை. வாயிலை நெருங்கிய பின் அதை உணர்ந்து, திரும்பிச் சென்று மூதாட்டிக்குக் கைகூப்பினோம். மொழி புரியாவிடினும் அவர் முகம் மலர்ந்து, அருகிலிருந்த முக்காலியைக் காட்டினார். சிறிது நேரம் அமர்ந்தோம்.

பழைய ஊர்களின் அமைதியை வியக்கும் முன், அது யாருடைய பிரிவால் வந்தது என்று கேட்போம். நம் தெருவின் சந்தடியும் அப்போது சற்று இனிதாய்க் கேட்கும்.