பவுலி சிரித்தால் சிரிக்கட்டும்!

"இதெல்லாம் எங்கட பிள்ளைகளுக்குச் சரிவராது." முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் சிலாபத்திலும் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் எடுக்கும் பிள்ளைகள் இதை எத்தனை வாயால் கேட்டிருப்பார்கள்! தம்பி, தங்கச்சி, அந்தப் பேச்சை இன்றைக்கே படலைக்கு வெளியே தள்ளு. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் இன்றும் மண்டையைப் போட்டு உடைக்கும் ஒரு கேள்வியைத் தருகிறேன். திண்மத்துக்குள் ஓடும் இலத்திரனின் சுழற்சியும் உந்தமும் ஏன் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன? இதற்குள் நுழையும் வாசல் உன் புத்தகப் பையிலேயே இருக்கிறது.

பயோ–சவார் விதி படித்தாய்தானே? மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்கும். இப்போது ஓர் இலத்திரனின் முதுகில் ஏறி உட்கார். உன் கண்ணுக்கு நீ அசையவில்லை, நேரேற்றமுள்ள கருதான் உன்னைச் சுற்றி ஓடுகிறது. ஓடுகிற மின்னேற்றம் மின்னோட்டம்; மின்னோட்டம் இருந்தால் காந்தப் புலம் இருக்கும். இலத்திரனோ தன் சுழற்சியால் ஒரு குட்டிக் காந்தம். அந்தப் புலத்தில் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் சக்தி மாறுகிறது. இலத்திரன் ஓடும் திசையைத் திருப்பினால் புலமும் திரும்பிவிடும். போகும் திசைக்கும் சுழற்சிக்கும் முடிச்சு விழுந்த இடம் இதுதான். உயர்தர வகுப்பைத் தாண்டி எதையாவது சொன்னேனா? இல்லையே!

இதையேதான் 1925 ஜனவரியில் ரால்ஃப் க்ரோனிக் என்ற இருபது வயது இளைஞன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இலத்திரன் தன்னைத்தானே சுற்றுகிறது என்ற எண்ணத்தைப் பௌதிகவியல் அப்போது இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அவன் அதை வொல்ஃப்காங் பவுலியிடம் சொன்னான். பவுலி ஏளனமாகத் தள்ளிவிட்டார். அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று அவருடையது. அவரே தள்ளிய பிறகு பையன் என்ன செய்வான்? கணக்கின் விடையும் அளந்த பெறுமானத்தைப் போல இரண்டு மடங்காக வந்து பயமுறுத்தியது. தாளை மடித்து வைத்துவிட்டான்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் லெய்டனில் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் அதே எண்ணத்தை எழுதி ஆசிரியர் எரன்ஃபெஸ்டிடம் கொடுத்தார்கள். மூத்த பௌதிகவியலாளரான லோரன்ட்ஸ் அதில் பெரிய ஓட்டைகளைக் காட்டியதும் இவர்களுக்கும் நடுக்கம் பிடித்தது. கட்டுரையைத் திரும்பக் கேட்டார்கள். அதை எப்போதோ அனுப்பியாகிவிட்டது என்றார் எரன்ஃபெஸ்ட். நல்லவேளை! மறு ஆண்டு லுவெலின் தோமஸ் என்ற இன்னொரு இளைஞர் சார்புக் கொள்கையை ஒழுங்காகப் பயன்படுத்தி அந்த இரண்டு மடங்கைப் பாதியாக்கிக் காட்டினார். பவுலியும் கடைசியில் ஒப்புக்கொண்டார். க்ரோனிக்கின் கணக்கில் இருந்தது தீர்க்கக்கூடிய ஒரு சிக்கல் மட்டுமே. அவனுக்குப் போதாமல் போனது அறிவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

பளிங்குக்குள் போனால் கதை இன்னும் சூடு பிடிக்கிறது. சமச்சீரான பளிங்குகளில் இந்த முடிச்சின் விளைவு பெரும்பாலும் சரிக்குச் சரியாகி மறைந்துகொள்ளும். சமச்சீர் உடைந்தால் வெளியே வரும். ரஷ்பா, ஷேகா என்ற பௌதிகவியலாளர்கள் 1959 இல் இதை எழுதினார்கள். பிறகு 2005 இல் பென்சில்வேனியாவில் கேனும் மெலேயும் ஒரு துணிச்சலான கணிப்பை வெளியிட்டார்கள். காபனால் ஆன காரீயத்தின் ஒற்றை அணுப் படலமான கிராஃபீனின் ஓரத்தில், ஒரு சுழற்சியுள்ள இலத்திரன்கள் ஒரு திசையிலும் எதிர்ச் சுழற்சியுள்ளவை எதிர்த் திசையிலும் மட்டுமே ஓடும் என்றார்கள். காரீயம் யாருடையது? உன் அயல் மாவட்டமான குருநாகலில் கஹட்டகஹவில் தோண்டி எடுக்கிறார்களே, அதே காரீயம்!

கொழும்பு–புத்தளம் வீதியை நினைத்துக்கொள். திரும்ப வேண்டுமென்றால் மறுபக்கத்துக்குக் குறுக்கே கடக்க வேண்டும். அந்த ஓரத்தில் ஓடும் இலத்திரனுக்குத் திரும்ப வேண்டுமானால் சுழற்சியையே புரட்ட வேண்டும். சாதாரண மாசால் அதைப் புரட்ட முடியாது. ஆகவே தடுக்கி விழாமல் ஓடுகிறது.

கணிப்பு அழகுதான், ஆனால் கிராஃபீனில் அந்த விளைவு மிக மிக நலிவு. காபன் கருவில் ஆறே புரோத்தன்கள். முடிச்சு இறுக வேண்டுமானால் பாரமான கரு வேண்டும். எண்ணத்தைக் குப்பையில் போட்டார்களா? 2006 இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னெவிக், ஹியூஸ், ஜாங் மூவரும் எண்பது புரோத்தன்கள் உள்ள பாதரசத்துக்குத் தாவினார்கள். மறு ஆண்டே ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் மோலென்காம்ப் குழு, சுமார் 6.3 நானோமீற்றரை விடத் தடித்த பாதரச தெலுரைட்டுப் படலத்தில் அந்த ஓர ஓட்டத்தை அளந்து காட்டியது. 2009 இல் பிசுமத்து தெலுரைட்டின் மேற்பரப்பிலும் இலத்திரன்கள் இப்படி ஓடுவது தெரிந்தது. குளிரூட்டும் சில்லுகளுக்காக அந்தப் பொருளை மனிதர்கள் அரை நூற்றாண்டாகக் கையில் வைத்திருந்தார்கள்! கேட்கத் தெரிந்தவன் வரும்வரை அது வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டு பிசுமத்து செலனைட்டில் இதே சங்கதியைக் காட்டிய பிரின்ஸ்டன் குழுவின் தலைவர் ஜாஹித் ஹசன், டாக்காவில் பிறந்தவர். வங்காள விரிகுடாவுக்கு இக்கரையில் இருக்கும் உன்னை எது தடுக்கிறது?

வசதி குறைவு என்பது உண்மை. ஆய்வுகூடம் தூரம், நல்ல நூல் தமிழில் அரிது, நான் மறுக்கவில்லை. ஆனால் க்ரோனிக்குக்குத் தேவைப்பட்டது ஒரு பேனையும் தாளும்தான், அவை உன்னிடமும் உண்டு. இன்றிரவு உட்கார். கருவை வரை, இலத்திரனின் வேகத்தைக் குறி, வலக்கை விதியால் புலத்தின் திசையைக் கண்டுபிடி, வேகத்தைத் திருப்பிவிட்டு மீண்டும் பார். எங்கே விளங்கவில்லையோ அங்கே ஒரு கேள்விக்குறி போடு. நாளைக்கு அந்தத் தாளை மடிக்காமல் வகுப்புக்குக் கொண்டுபோய் ஆசிரியரின் மேசையில் வை.