சபுராளிக்குத் தங்க அட்டை தேவையா?

வரிச்சிக்குடியில் சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளித் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வளைகுடா நாடொன்றில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நம் ஊர் இளைஞர் ஒருவர், தம் சகோதரி மகளின் நிக்காஹுக்காக வந்திருந்தவர், அருகில் வந்து உட்கார்ந்தார். கைப்பேசியைத் திறந்து நம்மிடம் நீட்டினார். அதில் வெள்ளி நிறத்தில் ஓர் அட்டையின் படம். அதன் கீழே 46,000 என்று ஓர் எண்.

“இன்னும் நாலாயிரம் மைல் ஏறிட்டா தங்க அட்டை மாமா. டிசம்பர் முடியறதுக்குள்ள ஏறணும். அந்த மாசம் நாலு நாள் லீவு இருக்கு. ஒரு நடை சும்மா எங்கேயாவது பறந்து போய்ட்டுத் திரும்பிட்டா கணக்கு முடிஞ்சிடும். மார்க்கத்துல அது தப்பா?” என்று கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. கரையேறாத குமர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்க, விமானக் கம்பெனியின் அட்டைக்கு ஒரு மஸ்அலாவா என்றுதான் முதலில் தோன்றிற்று. ஆனால் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்திருக்கும் ஊர்களில் இது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய வினா அன்று என்பது யோசிக்க யோசிக்கப் புலப்பட்டது.

இந்த அட்டை யாதென அறியாத நம் இல்லத்தரசிகளுக்குச் சிறிது விளக்கம் கூறிவிடுவோம். ஒரே விமானக் கம்பெனியில் அடிக்கடி பயணம் செய்பவருக்கு, பறந்த தூரத்தையும் வாங்கிய டிக்கெட்டின் வகையையும் வைத்து மைல் என்ற பெயரில் புள்ளிகள் எழுதப்படுகின்றன. ஓராண்டில் இத்தனை சேர்ந்தால் வெள்ளி, இத்தனை சேர்ந்தால் தங்கம் என்று படிகள் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் எமிரேட்ஸிலும் வெள்ளிக்கு 25,000, தங்கத்துக்கு 50,000. தங்கம் பெற்றவருக்குத் தனி வரிசை, விமானம் ஏறுமுன் சாய்வு நாற்காலியும் சாப்பாடும் உள்ள தனி அறை, கூடுதல் சுமை, இறங்கும் இடத்தில் அவர் பெட்டி முந்தி வரும். அடுத்த ஆண்டும் அதே அளவு பறந்து காட்டாவிட்டால் படி இறங்கிவிடும்.

அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 1978ஆம் ஆண்டில் நீங்கியது. கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. வந்த வாடிக்கையாளரை அடுத்த கடைக்குப் போகவிடாமல் கட்டிப்போட ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தக் கயிற்றைப் பெரிய அளவில் திரிக்கத் தொடங்கிற்று. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மைல் என்பதும் இப்பொழுது பல கம்பெனிகளில் பெயரளவில்தான். நம் ஏர் இந்தியா 2024ஆம் ஆண்டு முதல் தூரத்தை விட்டு, செலவழித்த பணத்தைக் கணக்கிட்டே புள்ளி கொடுக்கிறது.

நம் பாட்டனார் காலத்துச் சபுராளிகளை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். சபுர் போனவர் சபுராளி. ஸஃபர் என்ற அரபுச் சொல் நம் கரையோரத்து நாவில் பெற்ற உருவம் அது. நாகப்பட்டினத்தில் கப்பல் கடலில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். 1926 முதல் சுமார் அரை நூற்றாண்டு ஓடிய ராஜுலாவிலும், அதன்பின் 1985ஆம் ஆண்டில் தீப்பிடித்து நின்றுபோன சிதம்பரம் கப்பலிலும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களில் பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களே. வசதியுள்ளவர் அறை எடுத்துப் போவார். அதில் ஒளிவுமறைவு கிடையாது. பணம் கொடுத்தார், கட்டில் கிடைத்தது. இருபது முறை கடல் கடந்த தளத்துப் பயணியை யாரும் “நீங்கள் எங்களுக்கு வேண்டியவர்” என்று தோளில் தட்டவில்லை; அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. கட்டிலை விலைக்கு வாங்குவது வியாபாரம். அட்டைக்காரர் வாங்குவது, தாம் மற்றவரினும் வேண்டியவர் என்ற நினைப்பை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அந்த நினைப்பின் சந்தை விலை என்ன என்று வாசகர்கள் அறிய விரும்பலாம். கொரோனாக் காலமான 2020இல், விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. வாடிக்கையாளருடைய விசுவாசத்தை நகை போல் அடகு வைக்க முடிகிறது! வங்கிகள் கடன் அட்டை வழியாக மைல் தருவதற்கு விமானக் கம்பெனிகளிடம் மைலை மொத்தமாக விலைக்கு வாங்குவதும் நடக்கிறது. அந்த வழியில் மைல் சேர்ப்பவர், தவணை தவறினால் வட்டியின் வாசலில் நிற்பார் என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

வசதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வசதி ஹலாலானது. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சுமையை எடைபோடும் தடங்களில் தங்க நிலையாளருக்கு 20 கிலோ கூடுதல் உண்டு. உம்மாவுக்குப் போர்வையும் பிள்ளைகளுக்குப் பால்மாவும் சுமந்து வருகிறவருக்கு 20 கிலோ என்பது சின்ன உதவியா? இரவெல்லாம் விமானம் மாறக் காத்திருப்பவருக்குத் தொழவும் சாயவும் ஓர் அமைதியான இடம் கிடைப்பது நல்லதுதான். (அந்த அறைகளில் மதுவும் ஊற்றப்படும், உணவு ஹலாலா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது தனி விஷயம்.)

ஆனால் நம் பகுதி மக்களின் கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல். முழு மைலும் எழுதப்படுவதாகவே வைத்துக்கொண்டாலும் 50,000 சேர 28 தடவை பறக்க வேண்டும். அதாவது ஓராண்டில் பதினான்கு முறை போய் வர வேண்டும். மலிவு டிக்கெட்டுக்கு முழு மைலும் எழுதுவதில்லை. ஆண்டுக்கொரு முறை விடுமுறைக்கு வரும் கடைச் சிப்பந்திக்கும் ஓட்டுநருக்கும் இந்த அட்டை இந்த ஜென்மத்தில் கிட்டாது. திருச்சியில் அவர்கள் இறங்குவது பெரும்பாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்கூட், ஏர் ஏஷியா போன்ற குறைந்த கட்டண விமானங்களிலிருந்துதான். அதனால் அவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை. நடக்க இயலாத முதியவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால், முன்கூட்டிக் கேட்பவருக்குக் கொடுக்கிறார்கள். அதற்கு எவரும் தங்க அட்டை கேட்பதில்லை.

அப்படியானால் தங்கம் யாருக்குக் கிட்டுகிறது? பெரும்பாலும், டிக்கெட்டுக்கு வேறொருவர் பணம் கொடுக்க, அடிக்கடி பறப்பவருக்கு. நம் இளைஞரின் 46,000த்தில் நாற்பதாயிரத்துக்கு மேல், கிளைகளின் கணக்கைப் பார்க்கக் கம்பெனி செலவில் போய் வந்தவை. இங்கே நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். இப்னுல் லுத்பிய்யா என்று அவர் அறியப்படுகிறார். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். அவர் தம் தாய் தந்தையரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். ஹதீஸ் கிதாபுகளில் இது பிரசித்தமான நிகழ்ச்சி. விமானக் கம்பெனி எழுதும் மைலை இதன் அருகே வைத்துப் பார்த்தால் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. இந்த இளைஞர் வரிச்சிக்குடியில் உம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருந்திருந்தால் எந்த விமானக் கம்பெனி இவருக்கு 40,000 மைல் எழுதியிருக்கும்?

உலக அரசுகளும் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2002ஆம் ஆண்டில் ஜெர்மனியில், அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளியானதும், பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரேகோர் கீசி பதவி விலகினார். 2006இல் அந்நாட்டின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம், முதலாளியின் செலவில் சேர்ந்த மைல் முதலாளிக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. நம் மத்திய அரசின் விதியும், அலுவல் பயணத்து மைல்களைத் துறையின் அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலோ 2001ஆம் ஆண்டின் முடிவில் சட்டத்தை மாற்றி, மத்திய அரசு ஊழியர்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

நம் கருத்து இது. மைல் அமானத்தா அன்பளிப்பா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதைப் பெற்றவர் அல்லர். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர். அவர் அறிந்து அனுமதித்தால் அது ஹலால். பல முதலாளிகள் மனமுவந்தே விட்டுவிடுகிறார்கள். வாய் திறந்து கேட்காமல் இருந்துகொண்டு “எல்லோரும் செய்கிறார்கள்” என்பது விடையாகாது. அனுமதி இருந்தாலும் நீங்காத ஒரு தவறும் உண்டு. கம்பெனிக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு விமானம் இருக்க, தம் கணக்கில் மைல் ஏறும் என்பதற்காக அதிகக் கட்டணமுள்ளதை எடுப்பது. அதற்குக் கியானத் என்றுதான் பெயர். நம் இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாம் மேலும் துருவவில்லை.

தங்க அட்டைக்காரரை முதலில் அழைக்கிறார்களே, அது பெருமையில் சேராதா என்று பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். அழைப்பவர் குற்றம் ஒன்றுமில்லை. அழைக்கப்பட்டவரின் உள்ளம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. வரிசையில் குழந்தையோடு நிற்பவளைக் கடந்து போகும்போது கால் கூசினால் அவர் தப்பினார். மேலும், விமானக் கம்பெனியைப் பழித்துப் பேசும் நாமே பள்ளியில் முன் ஸஃப்பில் “அது ஹாஜியார் இடம்” என்று ஒருவருக்கு இடம் விட்டு வைப்பதைப் பார்த்ததில்லையா? முந்தி வந்த கூலிக்காரர் அந்த இடத்தில் நின்றால் முறைத்துப் பார்ப்பதும் நடக்கத்தானே செய்கிறது? அங்கே அட்டைகூடத் தேவைப்படவில்லை.

அந்த டிசம்பர் நடைக்கு வருவோம். பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது என்றும், வந்த காரியம் முடிந்ததும் தாமதியாமல் வீட்டாரிடம் திரும்பிவிட வேண்டும் என்றும் நபியவர்கள் போதித்திருக்கிறார்கள். காரியமே இல்லாத பயணத்தை எதில் சேர்ப்பது? போன விமானத்திலேயே திரும்பி வருவதற்கு ஒருவர் நாலு நாள் விடுப்பையும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியையும் கொடுக்கிறார். கிடைக்கும் படி அடுத்த ஆண்டே உதிரக் கூடியது. நமக்கு இது இஸ்ராஃப் என்றே படுகிறது.

இன்னொன்றும் கேட்டோம். “இந்தத் தடவை எந்த வழியாக வந்தாய் தம்பி?”

“சென்னை மாமா. திருச்சிக்கு வர்ற விமானத்துல எனக்கு மைல் ஏறாது.”

திருச்சியிலிருந்து வரிச்சிக்குடி சுமார் 150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 280. ஐந்து நாள் விடுப்பில் போகவர இரண்டு பகல் கடற்கரைச் சாலையில் கழிந்திருக்கிறது. நிக்காஹுக்கு முதல் நாள் உம்மா பகல் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்க, மகன் வந்தது இஷாவுக்குப் பின். பதினான்கு மாதத்தில் அவர் எத்தனை முறை விமானம் ஏறினார் என்று எண்ணிச் சொல்லச் சொன்னோம். முப்பத்தொன்று என்றார். அதில் ஊருக்கு வந்தது இந்த ஒரு முறைதான்.

அதற்குமேல் நாம் ஒன்றும் கூறவில்லை. தீர்ப்புச் சொல்ல நாம் முஃப்தி அல்லோம். மஃக்ரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், எழுந்து போய்விட்டோம்.

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஸுப்ஹுத் தொழுகைக்கு அவர் நம் பக்கத்தில் நின்றார். இரவு திருச்சியில் இறங்கி நேரே வந்திருக்கிறார். பெட்டி கடைசியாகத்தான் வந்ததாம். நாலு நாளும் உம்மாவோடு இருந்தார். ஒரு நாள் அவர்களைக் கண் மருத்துவரிடம் காரைக்காலுக்கு அழைத்துப் போனார். சேர்ந்திருக்கும் மைல்களைப் பற்றிக் கம்பெனி மேலாளருக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும், பதில் இன்னும் வரவில்லை என்றும் புறப்படும்போது சொன்னார்.