பட்டி பார்த்தல்

பழுது பார்ப்பவன் மீது நமக்கு ஒரு சுலபமான மரியாதை இருக்கிறது. உடைந்ததை ஒட்டுகிறவன் நல்லவன். தூக்கி எறிகிறவன் பொறுப்பற்றவன், அல்லது பணக்காரன். இரண்டு மாதங்களாக ஒரு பொம்மை வண்டியின் உடலைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இந்த மரியாதையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பொம்மை என்பது முழுக்கச் சரியல்ல. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1985-இல் ‘புரூசர்’ என்ற பெயரில் வெளியிட்டு, 2012-இல் மறுபடி கொண்டுவந்த, ரேடியோ மூலம் ஓட்டுகிற டிரக் அது. டொயோட்டா ஹைலக்ஸைப் பத்தில் ஒன்றாகக் குறுக்கியது. இவ்வகை வண்டிகளுக்கு இரண்டு விதமான உடல்கள் உண்டு. பந்தய வண்டிகளுக்குப் பாலிகார்பனேட் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் படியவைத்த மெல்லிய உடல். அதற்கு வண்ணத்தை உட்புறம் அடிப்பார்கள்; வெளியே எவ்வளவு கீறினாலும் நிறம் போகாது. மற்றது அச்சில் வார்த்த கெட்டி உடல். கதவுக் கைப்பிடி வரை எல்லாம் அச்சாக இருக்கும், வண்ணம் வெளியே. பட்டதெல்லாம் மேலே தெரியும். எங்கள் வீட்டு வண்டி இந்த இரண்டாவது ஜாதி.

2013-இல் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து என் மகனுக்குக் கொடுத்தார். அவனுக்கு அப்போது பதினொரு வயது. ஆரணி ஆற்று மணலிலும், கோடையில் வற்றிய ஏரியிலும், நெடுஞ்சாலையோரம் லாரிகள் ஒதுங்கி நிற்கும் கப்பித் தரையிலும் ஓட்டி, ஒரு வருஷத்தில் அதன் பக்கங்களைச் சொரசொரப்பாக்கிவிட்டான். அந்தக் கீறல்கள் அவனுடையவை. 2014-இல் ஒரு மாலை, கணக்குப் பரீட்சையின் மதிப்பெண்ணை முன்னிட்டு, அந்த வண்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். முன்கண்ணாடியின் இடது தூணில் தொடங்கிக் கூரையில் பாதிவரை ஒரு விரிசல். அது என்னுடையது. பையன் அழவில்லை. வண்டியைப் பரணில் வைத்துவிட்டான். அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான், பொங்கலுக்கு வருகிறான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் தரம் பார்த்தவன் நான். தொழிலறிவு ஒருவனுக்கு எவ்வளவு சௌகரியமான சாக்குகளைத் தருகிறது என்று அன்றிரவே கண்டுகொண்டேன். அச்சுக்குள் பாயும் உருகிய பிளாஸ்டிக், ஜன்னல் போன்ற திறப்பு வந்தால் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய் மறுபுறம் சந்திக்கும். சந்திக்கையில் இரு முனைகளும் சற்று ஆறியிருக்கும், முழுக்கக் கலக்காது. அங்கே மயிரிழைபோல் ஒரு கோடு விழும். ‘வெல்டு லைன்’ என்போம். பலத்தில் குறைந்த இடம் அது. விரிசல் அந்தக் கோட்டில்தான் தொடங்கியிருந்தது. ஆகவே உடைவு பிறவியிலேயே இருந்தது, நான் வெளிக்கொண்டுவந்தேன், அவ்வளவே. காரணத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் பிழையில்லை. பொறுப்பைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி அப்பாக்கள் ‘அவன் சுபாவமே அப்படி’ என்று சொல்வதும் இதே வாதம்தான் என்று படுகிறது.

இந்த மாதிரி விஷயம் வந்தால் தத்துவம் படித்தவர்கள் தீஸியஸின் கப்பலை இழுத்து வருவார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின் அது பழைய கப்பல்தானா? மிலிந்தனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதும் ஏறக்குறைய இந்தத் திசைதான்: சக்கரமா தேர், அச்சாணியா தேர்? நல்ல கேள்விகள். ஆனால் இரண்டிலும் பலகையை உடைத்தவன் யார் என்ற விசாரணை கிடையாது. மரம் தானாக உளுத்துப்போகிறது. உடைத்தவனே ஒட்டவும் உட்கார்ந்தால் கேள்வி வேறாகிவிடுகிறது.

வேலையைச் சொல்கிறேன். விரிசலின் நுனியைத் தேடி, அங்கே ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு துளை போட வேண்டும். இழுவிசை முழுவதும் கூர்நுனியில் குவிவதால்தான் விரிசல் ஓடுகிறது. நுனி வட்டமாகிவிட்டால் விசை பரவி நின்றுவிடும். அதாவது விரிசலை நிறுத்த, சேதத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கிறது. பிறகு விரிசல் நெடுகிலும் பள்ளம் கீறி நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு இரண்டு வழி. கார் பட்டறைப் பட்டி ஒன்று. அது அந்நியப் பொருள். கவ்விக்கொண்டு நிற்கும், ஒரு நாள் அதிர்ச்சியில் பெயரும். மற்றது, உடலின் கண்ணுக்குப் படாத உட்பகுதியிலிருந்து அதே பிளாஸ்டிக்கைச் சுரண்டி, அசிடோனில் ஓரிரவு ஊறவைத்து, தேன் பதத்தில் ஊற்றுவது. அசிடோன் விரிசலின் இரு விளிம்புகளையும் இளக்கும். நீண்ட மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். அசிடோன் ஆவியாகிப் போனபின் எது ஒட்டு, எது உடல் என்ற எல்லையே இராது. காயக்காயச் சுருங்கும் என்பதால் மூன்று முறையாவது ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு வண்ணம் அடித்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்து அங்கே மெல்லிய குழி தெரியும். கடல் காற்றின் ஈரத்தில் வண்ணம் வெளுத்துப் பூப்பது எங்கள் ஊர்க் கஷ்டம்.

இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தேன். வேலை தெரிந்தவன் யாரும் அதைத்தான் தேர்வான். விரிசல் மறைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தின் தன்மைதான் என்னை நிறுத்தியது. அது ஒரு நல்ல தொழிலாளியின் சந்தோஷம் அல்ல. தடயம் அழிப்பவனின் சந்தோஷம்.

ரஸ்கின் 1849-இலேயே, பழங்கட்டிடங்களைப் புதுப்பிப்பது அழிவின் ஒரு வகை, பொய்யின் ஒரு வகை என்று கோபப்பட்டார். இத்தாலியின் பிராண்டி 1963-இல் வெளியிட்ட நூலில் நிதானமாக ஒரு வழி சொன்னார்: சேர்த்தது தூரத்திலிருந்து பார்த்தால் உறுத்தக் கூடாது, கிட்டே வந்தால் சேர்த்தது என்று தெரிய வேண்டும். ரோமில் சிதைந்த சுவரோவியங்களின் வெற்றிடத்தை நெருக்கமான செங்குத்துக் கோடுகளால் நிரப்பியது இதற்காகத்தான். நம் ஆகமத்தில் ஜீர்ணோத்தாரணம் என்று தனி விதியே இருக்கிறது. கோயிலைப் புதுப்பிக்கலாம், பின்னப்பட்ட மூர்த்தியை நீரில் விட்டுவிட வேண்டும். இவர்களில் யாரும் என் நிலைமைக்கு உதவவில்லை. சிதைத்தது காலம் என்றோ படையெடுப்பு என்றோ எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆடன்தான் கொஞ்சம் கிட்டே வருகிறார். தாம் எழுதிய கவிதைகளில் சிலவற்றைப் பொய் என்று முடிவு செய்து 1966 தொகுப்பிலிருந்து நீக்கினார். பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு அது அவருடைய உரிமை தானா என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது. அந்த வரிகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களைக் கேட்காமல் அழித்த வரிகள் அவை.

உப்புத்தாளுக்கு யாருடைய கீறல் என்று தெரியாது. முழு உடலையும் தேய்த்தால் ஆற்று மணலில் அவன் சம்பாதித்ததும் சேர்ந்து போகும். என் விரிசலை மட்டும் அடைத்து மற்றதை விட்டால், இன்னும் மோசம். இந்த வண்டியை இப்படி ஆக்கியது பையன்தான் என்று வண்டியே சாட்சி சொல்லும். அவன் கீறல்களைச் சரிசெய்து என் விரிசலை விட்டுவைக்கலாம். அது பார்ப்பதற்குப் பச்சாதாபம் போலிருக்கும், உள்ளே நாடகம். புது உடல் வாங்கிப் பூட்டினால் என்ன என்றாள் என் மனைவி. அதையும் யோசித்தேன்.

இன்னொன்று. இந்த ஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கில் ரப்பர் துகள் கலந்திருக்கும். அளவுக்கு மீறி வளைந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். உடைந்த இடத்தைச் சுற்றி, உடையாமல் தாங்கிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. வெந்நீர்க் காற்றுபோல் சூடு காட்டினால் அதுவும் பெரும்பாலும் மங்கிவிடும். நான் காட்டவில்லை.

வண்ணம் அடிக்க, இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். முகாம் ஆண்களில் பலருக்கு பெயிண்ட் வேலைதான் பிழைப்பு. 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசாங்கம் மாற்றியது. அவர் இன்றும் வெறும் முகாம் என்றுதான் சொல்கிறார். உடலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு மூடவேணும் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. ஒண்டும் தெரியாம மூடலாம், கொஞ்சம் தெரியவும் மூடலாம். கூலி ஒண்டுதான்” என்றார். இரண்டு நாள் தவணை கேட்டேன்.

அன்றிரவு மகனுக்குப் போன் செய்தேன். பரணிலிருந்து வண்டியை எடுத்திருக்கிறேன், பொங்கலுக்குள் ஓடும், என்ன நிறம் அடிக்கட்டும் என்று கேட்டேன். விரிசலைப் பற்றிக் கேட்கத்தான் போன் செய்தது. நிறத்தைத்தான் கேட்க வந்தது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தக் கூரை விரிசல் இன்னும் இருக்காப்பா?” என்றான்.

மூன்று முறை ஊற்ற வேண்டியதில் இரண்டு முறை ஊற்றியாகிவிட்டது. “பாதி இருக்கு” என்றேன்.

“நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் எதுவும் அடிக்கச் சொல்லாதீங்க.”

பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பித் தர வந்தார். வேண்டாம், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பினேன்.