உடலின் உரிமையும் பொதுநலமும்

ஒருவருக்கு நன்மையே செய்வதாயினும், அவரது உண்மையான இசைவின்றி அதனைச் செய்தல் தகுமா என்பது அறவியலின் பழைய வினா. பெண்ணின் உடலைத் தொடும்போதே அவ்வினாவின் கூர்மை முழுமையாகப் புலப்படும்.

இரு உலகப் போர்களுக்கிடைப்பட்ட ஜேர்மனி இதற்குத் தக்க சான்றாகும். 1919இல் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் பேர்லினிற் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நகரங்கள் பலவற்றிற் கருத்தடை ஆலோசனை நிலையங்கள் எழுந்தன. கருச்சிதைவைத் தண்டிக்கும் 218ஆம் பிரிவை எதிர்த்து 1931இற் பெருங் கிளர்ச்சி நிகழ்ந்தது. ஆயின், அச்சீர்திருத்த இயக்கத்தினுள் இரு குரல்கள் கலந்தொலித்தன. ஒன்று, தன் வாழ்வைத் தானே வகுக்கும் உரிமையை வேண்டியது. மற்றையது, மக்கட்டொகையின் 'தரத்தை' உயர்த்த விழைந்தது. 1933 மே மாதத்தில் நாஜிகள் அந்நிறுவனத்தைச் சூறையாடி நூல்களை எரித்தனர். யூலையிற் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றினர். ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். முதற்குரலை நெரித்தவர்களே இரண்டாங்குரலைத் தமதாக்கிக் கொண்டனர்.

1932இல் ஜேர்மனியைக் கண்டு, நாடு திரும்பும் வழியில் இலங்கைக்கும் வந்த பெரியார், அப்பயணத்துக்கு முன்னரே இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார். ஏனையோர் உடல்நலத்தையும் நாட்டின் பொருளாதாரத்தையும் கருதிக் கருத்தடையை ஆதரிக்க, அவர் பெண்ணின் விடுதலையையே அதற்கு முதற்காரணமாகக் கொண்டார். காரணம் மாறினால் முடிவெடுக்கும் உரிமையும் கைமாறும் என்பதே இதன் உட்பொருள்.

இனி, நம் மலையகத்தை நோக்குவோம். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தே அமைந்த டயகம முதலிய தோட்டங்களிற் பெண்ணே தேயிலைத் தொழிலின் முதுகெலும்பு. எனினும், 1984 வரை அவளது நாட்கூலி ஆணின் கூலியிலுங் குறைந்ததே. 1980இற் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு அரசு வழங்கிய ஊக்கப்பணம் 500 ரூபாய் வரை உயர்ந்தது. அவளுக்கு அது பல நாட்கூலி. 1948இற் பறிக்கப்பட்ட குடியுரிமையை அச்சமூகத்துட் பலர் அப்போதும் மீளப் பெற்றிருக்கவில்லை. தோட்டப் பெண்களிடையே தற்காலிக முறைகளிலும் நிரந்தரக் கருத்தடையே மேலோங்கியிருந்தது.

இதனை நாஜிக் கொடுமையோடு ஒப்பவைத்தல் நேர்மையாகாது. இங்கே கட்டாயச் சட்டம் இருக்கவில்லை. அடுத்தடுத்த மகப்பேற்றால் நலிந்து, லயத்தின் ஒற்றை அறையிற் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் பலர் அச்சிகிச்சையை மனமுவந்தே நாடியிருத்தல் கூடும். கையொப்பமிட்டவள் அவளே அன்றோ எனச் சிலர் வினவுவர். கையொப்பம் இசைவின் அடையாளமே, இசைவு ஆகிவிடாது. வேறு வழிகளை அறிந்திருத்தலும், மறுத்தால் இழப்பு நேராதென்ற உறுதியும், மறுநாள் உணவுக்குப் பணத்தை எதிர்பாராத நிலையும் உள்ளவிடத்தே 'ஆம்' என்னுஞ் சொல் முழுப்பொருள் பெறும். 'இல்லை' எனச் சொல்ல இயலாதவளின் 'ஆம்', சூழ்நிலை அவள் வாயால் உரைத்த விடையே.

ஆதலின், கருவி ஒன்றாயினும் அறம் ஒன்றன்று. கருத்தடை பெண்ணின் கையில் உரிமை. அவளை எண்ணிக்கையாகக் காண்போர் கையில் ஆட்சி. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் அவள் தீர்ப்புக்குரியன என்பதை ஏற்பதோடு நம் கடமை முடிவதில்லை. அத்தீர்ப்பை அவள் அச்சமின்றியும் வறுமையின் நெருக்குதலின்றியும் வழங்குதற்கேற்ற கூலியையும் கல்வியையும் மருத்துவ வசதியையும் தோட்டத்தில் நிலைநாட்டலே மெய்யான சீர்திருத்தமாகும்.