கடல் கடந்தவரும் காத்திருந்தவரும்

குருத்துவப் பணியேற்ற புதிதில் பாகூரை அடுத்த ஒரு சிற்றூரில் பணியாற்றினேன். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கிற்குப் பன்னிருவரைத் தேர்ந்தபோது முதியவர் ஒருவர் ஒதுங்கி நின்றார். "சாமி, என் காலை மட்டும் விட்டுடுங்க" என்றார். தூண்போல் வீங்கியிருந்த காலை வேட்டியால் மறைத்துக்கொண்டார். யானைக்கால் நோய். அந்நாளில் நம் பகுதியில் அது அரிய காட்சியன்று. அந்நோயின் வலியைவிட வெட்கமே பெரிது என்பதை அன்று அறிந்தேன்.

இன்று இளைஞர்களிடம் அந்நோயைக் காண்பது அரிதாகிவிட்டது. இதற்குப் பலருடைய உழைப்புக் காரணம். 1975இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கொசுவை ஒடுக்கும் வழிகளை ஆராய்ந்தது. 2004 முதல் இந்நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை வீடுவீடாக மாத்திரை வழங்கப்பட்டது. டி.இ.சி. எனச் சுருக்கமாக வழங்கும் அம்மருந்து, கொசுவினால் பரவும் புழுவின் குஞ்சுகளை இரத்தத்தில் அழிக்கிறது. வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் ஒருவர் இரத்தத்திலிருந்து மற்றவருக்குக் கொசு சுமந்து செல்ல எதுவும் இல்லாதபடி செய்துவிடுகிறது. பாட்டன் விழுங்கிய மாத்திரையின் பலன் பேரனின் காலில் தெரிகிறது.

இம்மருந்தை 1947இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து உலகிற்கு அளித்த குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ் என்னும் இந்தியர். 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவைக்கூடத்திற்கு வந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே பெற்றார். உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை ஆராய்ச்சியின்பால் உந்தியது.

1920களின் தொடக்கத்தில் கப்பலேறி ஹார்வர்டை அடைந்தார். மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை வேலை செய்துகொண்டே பயின்றார். சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் 1925இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறை உயிர்வேதியியல் மாணவர்கள் அறிந்ததே. நம் தசைகளின் ஆற்றலுக்கு அடிப்படையான ஏ.டி.பி.யைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் லெடர்லிக்குச் சென்றார். அங்கு அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தவரைக் கொன்ற நோய்க்கே அது பின்னர் மருந்தாயிற்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு எதிராக முதலில் பலன் காட்டிய மருந்தும் அக்குழுவிலிருந்தே வந்தது. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், திடீரென இறந்தார். 1995இல் நம் அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

இக்கதையை இங்கேயே முடித்துவிடலாம். மனசாட்சி விடவில்லை. 1919இல் அவர் மணந்த சேஷகிரி என்னும் இளம்பெண் இந்தியாவிலேயே இருந்துவிட்டார். அவர்களுக்குப் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். கணவர் திரும்பவேயில்லை. கால் நூற்றாண்டுக் காத்திருப்பின் முடிவில் அப்பெண்ணுக்குக் கிடைத்தது மரணச் செய்தி.

இதை எப்படி எடைபோடுவது? "பல கோடிப் பேர் பிழைத்தனரே, ஒரு பெண்ணின் கண்ணீர் பெரிதா?" எனச் சிலர் கேட்கலாம். பலருக்காக ஒருவர் போனால் நலம் என்ற கணக்கை நற்செய்தியில் போட்டவர் தலைமைக் குரு கயபா என்பதை நாம் மறத்தலாகாது. மனிதர் கணக்கில் கழித்துவிடத்தக்க எண்கள் அல்லர். விளைந்த நன்மை, இழைக்கப்பட்ட துன்பத்தை இல்லாததாக்கிவிடாது.

அப்படியாயின் சுப்பாராவைக் கடமை தவறியவர் எனத் தள்ளிவிடலாமா? அதுவும் அவசரத் தீர்ப்பே. அமெரிக்கா 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியரின் குடியேற்றத்தைத் தடுத்தது. இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என 1923இல் அதன் உச்ச நீதிமன்றம் கூறியது. 1946இல்தான் அக்கதவு சிறிது திறந்தது. அத்தகைய நாட்டில் குடும்பத்தை வேரூன்றச் செய்வது எளிதாய் இருந்திராது. திரும்பி வந்திருக்கலாமே என்னும் கேள்வி அப்போதும் எஞ்சுகிறது. அவர் உள்ளத்தில் நடந்த போராட்டத்தை அறிந்தவர் ஆண்டவர் ஒருவரே. தீர்ப்பு நம்முடையதன்று.

நம்முடையது கடன். நாம் பெற்ற நலத்தின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர் சேஷகிரி. அவ்விலையைச் செலுத்த அவர் விரும்பினாரா என்று யாரும் கேட்கவில்லை. கொடுக்க மனமுவந்தவருக்கு நன்றி சொல்வது எளிது. கேட்காமலே யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவருக்கு நன்றி மட்டும் போதாது. அவருடைய இழப்பை இழப்பு என்றே ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும்.

அன்பர்களே, இது பழங்கதையன்று. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பிரான்சுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றோர் எத்தனை பேர்! அவர்கள் அனுப்பிய பணத்தால் கோயிலுக்கு மணி வாங்குகிறோம், பளிங்கில் அவர்தம் பெயரைப் பொறிக்கிறோம். தவறில்லை. ஆனால் மாமியாரின் மருந்தையும் பிள்ளைகளின் படிப்பையும் தனியே சுமந்து, திருவிழா நாளிலும் தொலைபேசியை நோக்கியிருக்கும் மனைவியின் பெயரை எந்தப் பளிங்கிலும் நான் கண்டதில்லை. அவரிடம் "எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? அனுப்பிய பணத்தைப் பற்றியே கேட்டோம். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு, அந்த முதியவரின் ஊருக்குப் பெரிய வியாழன் சடங்கிற்காக அழைத்திருந்தனர். பன்னிருவருள் ஒருவராய் அவருடைய பேரன் அமர்ந்திருந்தான். நலமான, மண் ஒட்டிய உழவனின் பாதம். அதன்மேல் நீர் வார்த்தபோது, கடல் கடந்து சென்றவரையும், கரையில் காத்திருந்தவரையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.