நிறம் எவருடைய உடைமை?

கடலோரத்துக் காலை ஒளி வலையிழுப்பவன் மீதும் விழுகின்றது. வழிப்போக்கன் மீதும் விழுகின்றது. ஒருவன் அதனைக் கண்டு வியந்து நிற்கின்றான். மற்றொருவன் காணாமலே கடந்து போகின்றான். அவ்வாறாயின் அவ்வழகு எவருக்கு உரியது? கண்டவனுக்கா, அம்மண்ணில் பிறந்தவனுக்கா?

1914ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பவுல் கிளே, ஆகுஸ்ட் மாக்கே, லூயி மொய்யே எனும் மூன்று ஓவியர்கள் மார்சேய் துறைமுகத்தில் கப்பலேறித் தூனிஸ் வந்திறங்கினர். கடற்கரை ஊரான ஹம்மாமத்தைக் கண்டனர். பின்னர், உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 50இல் நிறுவிய கைரவான் நகரையும் அடைந்தனர். கிளே அங்குத் தங்கியது இரு வாரங்களுக்கும் குறைவே. எனினும் அதன்பின் அவர் கலை வேறாயிற்று. நிறத்தைத் தாம் துரத்த வேண்டியதில்லை, அதுவே தம்மைப் பற்றிக்கொண்டது என்னும் கருத்தைக் கைரவானில் தம் நாட்குறிப்பில் பதிந்தார். பள்ளிவாசலுடன் கூடிய ஹம்மாமத்தை அவர் தீட்டிய ஓவியத்தில் மேற்பாதி ஊராகத் தெரிகின்றது. கீழ்ப்பாதியோ வெறும் வண்ணத் துண்டுகளாய் விரிகின்றது.

ஓவியம் என்றதும் நம்மவர் சிலர் முகம் சுளிப்பர். உயிரற்றவற்றையும் மரங்களையும் வரைவதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இடமளித்தமை ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஆகவே ஈண்டு நம் வினா அதுவன்று.

பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்தே ஒளி கண்ணை வந்தடைகின்றது என நிறுவினார். ஒளியும் நிறமும் அழகை விளைவிப்பன என்றும் கூறினார். இதிலிருந்து நாம் ஒன்றை உணரலாம்: காண்பவன் கொடுப்பவனல்லன், பெறுபவன். கிளேயின் கூற்றும் இதனோடு ஒத்ததே. பெற்றது உடைமையன்று, அமானிதம். அமானிதத்திற்கு நன்றிக்கடன் உண்டு.

அக்கடன் இருவகைத்து. முதலாவது, ஒளியை அளித்தவனுக்கு. இரண்டாவது, அவ்வொளியில் வாழும் மாந்தருக்கு. 1881 முதல் தூனிஸ் நாடு பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்தது. குவிமாடத்தின் வெண்மையைக் கண்டு, அதன் நிழலில் நிற்பவனின் அடிமைநிலையைக் காணாத பார்வை அரைப்பார்வையே. அவ்வோவியர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். ஆதலின் அவர்கள்மீது தீர்ப்புரைக்க நாம் துணியோம்.

நம்மீது உரைக்கலாம் அன்றோ? திருமறையின் ஃபாத்திர் அத்தியாயம் கனிகளின் நிறங்களையும், மலைகளின் வெண்மை, செம்மை, கருமையையும், மாந்தர், கால்நடைகளின் நிறவேற்றுமையையும் சொல்லி, உடனே இறையச்சமுடைய அறிஞர்களைக் குறிப்பிடுகின்றது. நிறத்தை அடுத்து அறிவு! இவ்வைப்பு முறையைப் பல்லாண்டு ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்த நாம், சுப்ஹுத் தொழுகை முடித்து வெளிவந்து வானத்தை நிமிர்ந்து நோக்கிய நாட்கள் எத்தனை? ஆலிம் எனும் பெயரைச் சுமப்போர்க்கு இவ்வினா சுடுகின்றது. ஓதாதவர் ஒருவர் இரு வாரங்களில் கண்டதை, ஓதிய நாம் வாழ்நாளெல்லாம் காணாதிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

மாக்கே அதே ஆண்டு செப்டம்பரில், தம் 27ஆம் வயதில், போர்க்களத்தில் மாண்டார். பார்ப்பதற்கு அளிக்கப்பட்ட தவணை குறுகியது. அதற்குள் காணவும், கண்டதற்கு ஷுக்ரு செய்யவும், அவ்வொளியில் உடன் நிற்கும் எளியோரை மறவாதிருக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.